திறவுகோல் எவன் கையில்?

உருபா பதினையாயிரம் எண்ணிக் கொடுத்து ஒருவன் ஒரு திறன்பேசியை வாங்குகின்றான். பற்றுச்சீட்டு அவன் பெயரில் இருக்கின்றது; பொருள் அவன் பையில் இருக்கின்றது; கீழே விழுந்து உடைந்தால் இழப்பும் அவனுடையதாகவே இருக்கின்றது. ஆனால், அதனுள் எந்த இயங்குதளம் ஓடவேண்டும், எந்தச் செயலி இருக்கவேண்டும், எது நீங்கவேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை மட்டும் கடல் கடந்த வணிகன் ஒருவனிடம் இருக்கின்றது! 'அவ்வுரிமையை நானே எடுத்துக்கொள்கின்றேன்' என்று வாங்கியவன் கைவைத்தால், 'வைத்த அந்நொடியே எம் பொறுப்பு முடிந்தது, போ!' என்கின்றான் விற்றவன். இதற்கு விற்பனை என்று பெயரா, குத்தகை என்று பெயரா? குத்தகைக்காரனுக்காவது நிலத்தை உழும் உரிமை உண்டே!

இந்தக் கேள்வியைக் கொங்குநாட்டில் நின்று கேட்பதற்குத் தனிப் பொருத்தம் ஒன்று உண்டு. ஆற்றுப்பாய்ச்சல் குறைந்த மேட்டுநிலம் இது. கிணற்றை ஆழ வெட்டி, நீரை மேலே ஏற்றி, பருத்தியும் கரும்பும் மஞ்சளும் விளைத்த மக்கள் இம்மக்கள். ஏற்றமும் கவலையும் போய் மின்னோடி வந்தபோது, அதனை வாங்கி வைத்துக்கொண்டு கைகட்டி நின்றவனா கொங்கு உழவன்? கம்பிச்சுருள் எரிந்தால், அவிநாசியிலோ அன்னூரிலோ பொள்ளாச்சியிலோ இருந்த ஒரு பட்டறைக்குத் தூக்கிச் சென்றான். அங்கொருவன் அதனைப் பிரித்து, செப்புக்கம்பியைப் புதிதாகச் சுற்றி, மீண்டும் ஓடவிட்டுக் கொடுத்தான். 'பிரித்தாயா? இனி உன் கிணற்றில் ஓடேன்' என்று எந்த மின்னோடியும் சொன்னதில்லை.

பீளமேட்டிலும் கணபதியிலும் எழுந்த வார்ப்படச் சாலைகளும் இறைபொறிச் சாலைகளும் இவ்வாறு பிரித்துப் பார்த்த கைகளின் ஆக்கங்களே. கலங்கலில் 1893இல் பிறந்த கோ. துரைசாமி, ஊரார் வாயில் சி. டி. நாயுடு, ஆங்கிலேய அலுவலர் ஒருவரின் இரட்சு விசையுந்தைக் கண்டு மயங்கி, கோவையில் உணவுவிடுதியொன்றில் வேலைசெய்து பணம் சேர்த்து, அவ்வுந்தையே விலைக்கு வாங்கினார். வாங்கி ஊர் சுற்றினாரா? அக்கக்காகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார், பொறியியல் கற்றார். அக்கைகளே 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டின. 1937இல் பாலசுந்தரம் என்பாருடன் சேர்ந்து இந்திய மண்ணின் முதல் மின்னோடியைச் செய்து காட்டின. அந்த விசையுந்துக்குள் 'பிரித்தால் செத்துப்போ' என்னும் ஏற்பாடு ஒன்றை இங்கிலாந்துக்காரன் வைத்து விற்றிருந்தால், கோவை இன்று என்னவாக இருந்திருக்கும்? அத்தகைய ஏற்பாட்டைத்தான் இன்று நம் பிள்ளைகள் ஒவ்வொருவர் சட்டைப்பைக்குள்ளும் வைத்து விற்கின்றார்கள்.

செய்திக்கு வருவதற்குமுன் சொற்களைத் தெளிவு செய்துகொள்ள வேண்டும். 'போனை ரூட் பண்ணி, பூட்லோடர் அன்லாக் பண்ணி' என்று நம் இளைஞர் பேசும் பண்ணித்தமிழில் இரண்டு வெவ்வேறு செயல்கள் ஒன்றாய்க் குழைந்து கிடக்கின்றன. சொல் குழைந்தால் கருத்துக் குழையும். கருத்துக் குழைந்தவனை ஏய்ப்பது வணிகனுக்கு எளிது.

திறன்பேசியின் பொத்தானை அழுத்தியவுடன் முதற்கண் விழித்தெழும் சிறு நிரல் ஒன்றுண்டு. இயங்குதளத்தைத் தேடியெடுத்து ஓடவிடுவது அதன் வேலை. பூட்லோடர் என்பது அதுவே. நாம் அதனைத் தொடக்கி என்போம். இத்தொடக்கி ஒரு வாயிற்காவலன். வருகின்ற இயங்குதளத்தின்மேல் நிறுவனத்தின் மறைமுத்திரை இருக்கின்றதா என்று பார்ப்பான், இருந்தால் விடுவான், இல்லையேல் தடுப்பான். தொடக்கியின் பூட்டை அவிழ்த்தல் என்பது, 'நிறுவனத்தின் முத்திரை இல்லாவிடினும் உடையவன் கொண்டுவருவதை உள்ளே விடு' என்று அக்காவலனுக்கு ஆணையிடுதல். அவ்வளவே. அவிழ்க்கும்பொழுது உள்ளிருந்த படங்களும் மடல்களும் அனைத்தும் அழிந்துபோகும். இதனைத் தண்டனையாக எண்ணுவார் உளர், அன்று. கைப்பேசியைத் திருடியவன் பூட்டை அவிழ்த்து உள்ளிருப்பதைப் படித்துவிடக் கூடாது என்பதற்கான காப்பு அது. அதன்பின் ஒவ்வொரு முறை உயிர்ப்பிக்கும்பொழுதும் திரையில் ஓர் எச்சரிக்கை தோன்றும்.

ரூட் என்பது வேறு. ஆண்டிராய்டின் அடியில் இருப்பது இலினக்சு. அவ்வழி வந்த இயங்குதளங்களில் எல்லாக் கோப்புகளையும் படிக்கவும் திருத்தவும் நீக்கவும் ஆற்றலுடைய தலைமைப் பயனர் ஒருவர் உண்டு. அவர் பெயரே ரூட். ஆண்டிராய்டிலும் அவர் இருக்கின்றார். ஆனால் அவர் இருக்கையில் வாங்கியவன் அமர முடியாது. தன் வீட்டிலேயே அவன் விருந்தினன். அவ்விருக்கையைப் பெறுதலை வேருரிமை பெறுதல் என்போம். தொடக்கிப் பூட்டைத் தலைவாயிற் பூட்டு எனக் கொண்டால், வேருரிமை என்பது வீட்டின் எல்லா அறைகளுக்குமான திறவுகோற்கொத்து.

தலைவாயிலைத் திறந்தவன் கொத்தையும் கையிலெடுத்தே ஆகவேண்டும் என்பதில்லை. பூட்டை அவிழ்த்து, இலீனியேசு போன்ற மாற்று இயங்குதளத்தை ஏற்றிக்கொண்டு, வேருரிமையே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துவார் பலர். 2016இன் இறுதியில் தோன்றிய அவ்வியங்குதளம் வேருரிமை இன்றியே வருகின்றது. மறுபுறம், தலைவாயிற் பூட்டைத் தொடாமல், இயங்குதளத்தில் இருந்த ஓட்டை வழியே நுழைந்து வேருரிமையைப் பிடித்த காலமும் இருந்தது. இன்று அவ்வோட்டைகள் பெரும்பாலும் அடைபட்டுவிட்டன. முதலில் பூட்டை அவிழ்த்து, பின்பு மாகிசுக்கு போன்ற நிரலால் தொடக்கப் படிமத்தைத் திருத்தி ஏற்றுவதே வழக்கமான வழி. இரண்டனுள் வேருரிமையே இடர் மிக்கது. கொத்தைப் பெற்ற செயலி தீயதாயின், எல்லா அறையும் அதற்குத் திறந்தே கிடக்கும். இதனை மறைத்து இளைஞரைத் தூண்டிவிடுவது நம் வேலையன்று.

'இவ்வளவு இடர்ப்பட்டு எதற்கு இந்த வம்பு? கொடுத்ததை வைத்துக்கொண்டு பேசிவிட்டுப் போகலாமே!' என்பார் உண்டு. அவர்களுக்குக் கோவையிலிருந்தே ஒரு விடை உண்டு.

2010ஆம் ஆண்டு சூன் 23 முதல் 27 வரை கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. அம்மாநாட்டின் ஆரவாரத்தைப் பற்றி நமக்கு வேறு கருத்துகள் உண்டு. அவை இங்கு வேண்டா. அதனுடன் தமிழ் இணைய மாநாடும் நடந்தது; ஒருங்குறியை அரசின் எழுத்துத் தரமாக ஏற்கும் ஆணையும் அந்நாள்களில் வந்தது. ஒருங்குறியில் தமிழுக்கு இடம் கிடைத்தது 1991இல். ஆக, பத்தொன்பது ஆண்டுகளாக உலகத் தரத்தில் தமிழ் இருந்தது. ஆனால் அதே ஆண்டில், அதே கோவையின் கடைகளில் விற்ற ஆண்டிராய்டு கைப்பேசிகள் பெரும்பாலானவற்றில், தமிழில் ஒரு மடல் வந்தால் திரையில் என்ன தெரிந்தது? வரிசையாகக் கட்டங்கள்! எழுத்தில்லை, வெறுங்கட்டங்கள்! வெளியே அலங்கார வளைவுகளில் தமிழ். உள்ளே சட்டைப்பையில் கட்டம்.

எழுத்துரு ஒன்றைக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாமே என்றால், எழுத்துருக்கள் இருக்கும் அறை பூட்டிய அறை. வேருரிமை இன்றி அதனுள் ஒரு கோப்பைக்கூட வைக்க இயலாது. வேருரிமை பெற்று வைத்தவனுக்கும் முழுத்தமிழ் கிட்டவில்லை. உயிர்மெய்யை ஒருங்குறி, மெய்யை முதலிலும் உயிர்க்குறியை அடுத்தும் சேமிக்கின்றது; கொம்பை முன்னே கொணர்ந்து ஒழுங்குபடுத்த வேண்டியது இயங்குதளத்தின் பொறுப்பு. அப்பொறுப்பை அன்றைய ஆண்டிராய்டு செய்யவில்லை. ஆகவே 'கோவை' என்று எழுதினால் கொம்பும் ஐகாரக்குறியும் தத்தம் எழுத்துக்குப் பின்னே போய் விழுந்தன. கோவையில் வாங்கிய கருவியில் கோவை என்னும் பெயரே எழுத வரவில்லை! அதனைச் செப்பமாகக் காண, எழுத்தை ஒழுங்குபடுத்தும் உறுப்புகள் திருத்தப்பட்ட மாற்று இயங்குதளம் வேண்டியிருந்தது; அதற்குத் தொடக்கியின் பூட்டை அவிழ்க்க வேண்டியிருந்தது. 2011இன் இறுதியில் வந்த நான்காம் பதிப்பிற்குப் பின்னரே நிலை படிப்படியாகத் திருந்தியது. பட்டிகளும் அமைப்புகளும் தமிழில் வந்தது 2014இல் வெளியான ஐந்தாம் பதிப்பில்.

இடைப்பட்ட அவ்வாண்டுகளில் தமிழைத் தம் கைப்பேசியில் படித்தவர் யார்? கூகுளின் அருளுக்குக் காத்திருந்தவரல்லர், பூட்டை உடைத்தவர். அவர்களுக்குக் கிடைத்த பரிசு என்ன? பொறுப்புறுதி இழப்பு. தாய்மொழியைத் தன் பொருளில் படித்தான் என்பதற்காக ஒருவனுடைய உரிமை பறிபோன செய்தி இது. 'இன்று எல்லாம் சரியாகிவிட்டதே' என்று சொல்லி இதனை மூடிவிட முடியாது. முந்திரி, காணி, மா முதலிய நம் பின்ன எண்குறிகளும் பழைய அளவைக்குறிகளுமாக 51 குறிகள் 2019இல்தான் ஒருங்குறியில் ஏறின. அதற்குமுன் விற்று, இற்றைப்படுத்துவதையும் நிறுத்திவிட்ட கைப்பேசிகளில் அவை இன்றும் கட்டங்களே. 320இல் ஒரு பங்குக்குத் தனிப்பெயரும் தனிக்குறியும் வைத்திருந்த இனத்தின் பிள்ளை, அக்குறியைத் தன் கருவி முழுவதும் காண விரும்பினால், மீண்டும் அதே பூட்டின் முன்னேதான் நிற்கவேண்டும்.

இனிப் பொறுப்புறுதிக்கு வருவோம். வாரண்டி என்று கடைக்காரன் சொல்வது இதனையே. விற்ற பொருளில் செய்குறை இருந்தால் குறித்த காலத்திற்குள் விலையின்றிச் சரிசெய்து தருவேன் என்பது விற்றவன் தந்த உறுதிமொழி. அவன் போட்ட பிச்சையன்று. நாம் கொடுத்த விலைக்குள் அடங்கியது.

ஒரு மாணவன் பூட்டை அவிழ்த்து மாற்று இயங்குதளம் ஏற்றியிருக்கின்றான் எனக் கொள்க. ஆறாந்திங்களில் மின்னூட்டும் துளை தளர்ந்துவிடுகின்றது. பழுதுநீக்கும் நடுவத்திற்குப் போகின்றான். அங்கிருப்பவர் கைப்பேசியை உயிர்ப்பித்து, எச்சரிக்கை வரியைக் கண்டவுடன், 'பொறுப்புறுதி இல்லை' என்று திருப்பித் தருகின்றார். மின்னூட்டும் துளைக்கும் இயங்குதளத்துக்கும் என்ன தொடர்பு? கூரையை மாற்றி வேய்ந்தாய், ஆகவே கிணற்றுச்சுவர் இடிந்ததற்கு நான் பொறுப்பில்லை என்னும் கொத்தனின் வழக்கு இது!

எதிர்த்தரப்பில் உண்மையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. வேருரிமை பெற்றவன் செயலகத்தின் விரைவை வரம்பு மீறி ஏற்றலாம். வெப்பக் காப்பை நீக்கலாம். ஒலிபெருக்கிக்குத் தாங்காத ஆற்றலைச் செலுத்திக் கிழிக்கலாம். அவ்வாறு செய்து கெடுத்தவனுக்கு நிறுவனம் புதிது தரவேண்டும் என்று அறமறிந்த எவனும் கேளான். ஆனால், கேடு அதனால்தான் விளைந்தது என்று மெய்ப்பிக்க வேண்டியவன் யார்? மறுக்கின்றவன்! கரணியம் காட்டாமல், 'நீ திறந்தாய், ஆகவே எல்லாம் உன் குற்றம்' என்பது வழக்கன்று, வல்லடி. பூட்டை அவிழ்த்தவனையும் வேருரிமை பெற்றவனையும் வேருரிமை கொண்டு வரம்பு மீறியவனையும் ஒரே கயிற்றால் கட்டுகின்ற பொறுப்புறுதித் தாள்களைப் பாருங்கள். முன்னே நாம் சொற்களைத் தெளிவு செய்ததன் தேவை விளங்கும்.

நிறுவனங்களின் நடைமுறைகளைச் சற்றே நோக்குக. சாம்சங்கு 2013 முதல் தன் கைப்பேசிகளில் ஓர் எரியிழை வைத்தது. நிறுவன முத்திரையில்லாத நிரலை ஒருமுறை ஏற்றினால் அவ்விழை உள்ளேயே எரிந்துபோகும். பழைய இயங்குதளத்தைத் திரும்ப ஏற்றினாலும் எரிந்தது எரிந்ததே. அதன் பெயரிலேயே பொறுப்புறுதி முறிவு என்று பொறித்திருந்தார்கள்! குற்றவாளியின் நெற்றியில் சூடு போட்ட பழங்காலக் கொடுமை கண்ணாடித்துண்டுக்குள் புகுந்திருக்கின்றது. சீனத்துச் சியோமி, பூட்டை அவிழ்க்க வேண்டுமாயின் தன்னிடம் கணக்குத் தொடங்கி, கருவியை அதனோடு பிணைத்து, பலருக்கு 168 மணிநேரம் என்ற அளவில் காத்திருக்கவும் வைத்தது. பின்னர் வந்த பதிப்புகளில் கெடுபிடி இன்னும் கூடியது. அவாவே 2018இல் திறவுகோல் எண் தருவதையே நிறுத்திவிட்டது. கூகுளின் கதை இன்னும் வேடிக்கை: தன் பிக்சல் கைப்பேசியின் பூட்டை அவிழ்க்கத் தானே வழி தருகின்றது, அவிழ்த்தபின், 'இக்கருவி நம்பத் தகாதது' என்று வங்கிச் செயலிகளுக்குச் சொல்லும் ஏற்பாட்டையும் தானே நடத்துகின்றது.

இவற்றுக்கெல்லாம் அடியில் கிடக்கும் இரண்டகம் ஒன்றுண்டு. 1991இல் பின்லாந்து மாணவர் ஒருவர் தொடங்கி, உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கானோர் உழைத்து வளர்த்த இலினக்சின்மேல் நின்றுதான் இந்நிறுவனங்கள் அனைத்தும் பொருளீட்டுகின்றன. கைப்பேசியை விற்பவன் அதிலுள்ள உட்கரு நிரலின் மூலத்தை வாங்கியவனுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அதன் உரிமம். கேட்டால் மூலத்தைக் கொடுக்கின்றார்கள். ஆனால் அம்மூலத்தைத் திருத்தி அதே கருவியில் ஏற்றப் போனால் தொடக்கி தடுக்கின்றது. விதைநெல்லைக் கையில் கொடுத்துவிட்டு வயலுக்கு வேலி போட்ட கதை! ஊரார் உழைப்பை இலவயமாய் எடுத்தவன், அவ்வூராரையே வாயிலில் நிறுத்துகின்றான்.

'நிறுவனத்தால் வேறு எப்படிச் செய்ய முடியும்?' என்று கேட்பார்க்கு விடை உண்டு. 2014இன் இறுதியில் மைக்குரோமேக்சின் யூ என்னும் பிரிவு கைப்பேசி விற்கத் தொடங்கியபோது, வேருரிமை பெற்றாலும் பொறுப்புறுதி நீங்காது என்று அறிவித்தே விற்றது. அப்பிரிவு பிற்பாடு சந்தையில் தேய்ந்தது வேறு கதை. செய்ய முடியும் என்பதற்கு அது சான்று. மனமில்லை என்பதுதான் ஏனையோர் நிலை.

சட்டமும் நாம் நினைப்பதைவிட நம் பக்கமே சாய்கின்றது. அமெரிக்காவில் 1975இன் பொறுப்புறுதிச் சட்டம், 'எம் உறுப்பையே, எம் பணியையே பயன்படுத்தினால்தான் பொறுப்புறுதி' என்று கட்டுவதைத் தடுத்தது. 'பிரித்தால் பொறுப்புறுதி இல்லை' என்று ஒட்டுத்தாள் ஒட்டி விற்றதன் தொடர்பில் அந்நாட்டு வணிக ஆணையம் 2018இல் ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கை மடல் விடுத்தது. கைப்பேசியின் பூட்டை உடைப்பது படியுரிமைக் குற்றமாகாது என்று 2010இலேயே அங்கு விலக்கு அளித்தார்கள். ஐரோப்பாவில், வேருரிமை பெற்றதாலேயே சட்டம் தரும் பொறுப்புறுதி நீங்காது என்று அங்குள்ள கட்டற்ற மென்பொருள் அமைப்பு 2012இல் விளக்கம் வெளியிட்டது.

இந்தியாவில்? 2014 ஆகத்து 25ஆம் நாள் இந்தியப் போட்டி ஆணையம், சீருந்து நிறுவனங்கள் 14இன்மேல் 2,544 கோடி உருபாவுக்கு மேல் தண்டம் விதித்தது. உதிரி உறுப்புகளை வெளிப்பட்டறைகளுக்குக் கொடாமல் அடைத்து வைத்தது குற்றம் என்றது. வெளியே பழுதுபார்த்தால் பொறுப்புறுதி முழுதும் நீங்கும் என்று பொத்தாம்பொதுவாக விதிக்கக்கூடாது, வெளிவேலையின் குறையால் எந்தக் கேடு விளைந்ததோ அக்கேட்டின் அளவுக்கே பொறுப்பை மறுக்கலாம் என்றும் சொன்னது. அத்தீர்ப்பு சீருந்து பற்றியது, மென்பொருள் பற்றியதன்று. நிறுவனங்கள் மேன்முறையீட்டுக்கும் போயின. எனினும், சீருந்துக்கு அறமாவது கைப்பேசிக்கு மட்டும் எங்ஙனம் அறமாகாது போகும்? இந்த அளவுகோலைத்தான் நாம் கையிலெடுக்க வேண்டும்.

அதே ஆணையம் 2022 அக்குதோபரில் ஆண்டிராய்டு தொடர்பாகக் கூகுளின்மேல் 1,337.76 கோடி உருபா தண்டம் விதித்தது. 2023 மார்ச்சில் மேன்முறை மன்றம் அத்தொகையை உறுதி செய்தது. ஆனால், முன்னரே புகுத்திவிட்ட செயலிகளை நீக்கப் பயனருக்கு உரிமை தருக என்பது உள்ளிட்ட நான்கு கட்டளைகளை அதே மன்றம் நீக்கிவிட்டது. பணம் தில்லியின் கருவூலத்துக்கு. பூட்டு அப்படியே நம் கையில்!

தில்லி நமக்குக் காவலாக நிற்கும் என்று நம்புவார் இன்னொன்றையும் நினைவில் வைக்கட்டும். 2025 நவம்பரின் இறுதியில் நடுவண் அரசின் தொலைத்தொடர்புத் துறை, சஞ்சார் சாத்தி என்னும் தன் செயலியை எல்லாக் கைப்பேசியிலும் முன்னரே ஏற்றி விற்க வேண்டும், அதன் செயற்பாட்டை முடக்கவும் இடமிருக்கக் கூடாது என்று நிறுவனங்களுக்கு ஆணை விடுத்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாள்களிலேயே, திசம்பர் 3இல், கட்டாயத்தை நீக்கிக்கொண்டது. பெயரில்கூடத் தமிழன் ஒருவனுக்கும் பொருள் விளங்காத ஒன்றை, தமிழன் பணத்தில் வாங்கிய கருவியில், தமிழன் நீக்க முடியாதபடி வைப்பதாம்! வேருரிமை இல்லாதவன் இத்தகைய ஆணைக்கு எதிராகத் தன் கருவியளவில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. வேருரிமைக் கேள்வி விளையாட்டுப் பிள்ளைகளின் கேள்வியன்று என்பது இப்பொழுதாவது விளங்குகின்றதா?

மொழியிலும் அதே கைவரிசை. 2016இல் கைப்பேசிகளுக்கு இந்திய மொழித்தரம் கட்டாயம் என அறிவிக்கை வந்தது. 22 மொழிகளையும் திரையில் படிக்க இயலவேண்டும் என்றது, நன்று. எழுதுவதற்கு? ஆங்கிலமும் இந்தியும் இருந்தேயாக வேண்டும். அவற்றோடு வேறு ஏதேனும் ஒரு மொழி இருந்தால் போதும்! இந்திக்கு உரிமை, தமிழுக்கு வாய்ப்பு. 1965இல் பொள்ளாச்சியில் துமுக்கிக் குண்டுக்கு மார்பு காட்டியவர் எதை எதிர்த்தனரோ, அது ஓசையின்றிப் பெட்டிக்குள் வைத்து நம் வீட்டுக்கே விலைக்கு வருகின்றது. பொதிபொருள் விதிகள் 2011 இன்னும் வெளிப்படை: பெட்டியின்மேல் எழுதவேண்டிய கட்டாயச் செய்திகள் தேவநாகரியில் இந்தியாகவோ ஆங்கிலமாகவோ இருத்தல் வேண்டும்; பிறமொழியை வேண்டுமாயின் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். அதனால்தான் பொறுப்புறுதித் தாளை எந்தத் தமிழுழவனும் படிக்க முடிவதில்லை. படிக்க முடியாத மொழியில் எழுதிய வரையறைக்கு, 'நீ இசைந்தாய்' என்று அவனைக் கட்டுகின்றார்கள்.

அன்பர்கள் செய்யத்தக்கன சில உண்டு. பூட்டை அவிழ்ப்பதோ வேருரிமை பெறுவதோ ஒவ்வொருவருக்கும் கடமை என்று நாம் சொல்லவில்லை. வங்கிக் கணக்கு இருக்கும் கைப்பேசியில் வேருரிமையைச் சோதித்துப் பார்க்காதீர்கள். செயலிகள் ஓடமறுக்கும், மறுக்காவிடினும் இடர். கற்க விரும்பும் மாணவன் பழைய கைப்பேசி ஒன்றில் கற்கட்டும். உள்ளிருப்பவற்றை முதலில் படியெடுத்து வைத்து, நிறுவனத்தின் மூல இயங்குதளத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு தொடங்கட்டும். மாற்றிய இயங்குதளம் உள்ளே இருக்கும்பொழுது தொடக்கியை மீண்டும் பூட்டாதிருக்கட்டும். பூட்டினால் கருவி எழாமலே போகக்கூடும். கடைத்தெருவில் ஒருவனிடம் கொடுத்து வேருரிமை பெற்றுக்கொள்ளாதீர்கள்; எல்லா அறைத் திறவுகோலையும் முதலில் அவன் கையில் கொடுப்பதாகும் அது.

வாங்குவதற்குமுன் கடையில் கேளுங்கள்: தொடக்கியின் பூட்டை அவிழ்க்க நிறுவனம் வழி தருகின்றதா? அவிழ்த்தால் வன்பொருட் குறைக்குப் பொறுப்புறுதி நிற்குமா? விடையை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தமிழில் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் விழிப்பார்; விழிக்கட்டும். நூறு பேர் கேட்டால் அவர் மேலே கேட்பார்.

பொறுப்புறுதி மறுக்கப்பட்டவர், வாய்ச்சொல்லைக் கேட்டுக்கொண்டு திரும்பிவிடாதீர். எந்தக் குறை, அதற்கும் பூட்டவிழ்ப்புக்கும் என்ன தொடர்பு, அதனை எந்த ஆய்வால் கண்டார்கள் என்று மூன்றையும் எழுத்தில் கேட்டு, ஒப்புகை வரும்படி விரைவஞ்சலில் மடல் விடுங்கள். விடை வாராவிடினும், வந்த விடை வெற்றுரையாயினும், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்புச் சட்டப்படி, குறை நேர்ந்த இரண்டாண்டுக்குள் முறையிடலாம். நிறுவனம் பெங்களூரிலோ தில்லியிலோ இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிட அச்சட்டம் இடந்தருகின்றது. கோவைக்காரர் கோவை மாவட்ட ஆணையத்துக்கும், திருப்பூர்க்காரரும் ஈரோட்டுக்காரரும் தத்தம் மாவட்டத்துக்கும் போகலாம். ஐந்து நூறாயிரம் உருபா வரையிலான பொருளுக்குக் கட்டணமில்லை. 'பூட்டை அவிழ்த்தால் எல்லாப் பொறுப்பும் நீங்கும்' என்னும் வரையறையே முறையற்ற ஒப்பந்தம் என்று அதனையே எதிர்க்க விரும்புவோர் சென்னையிலுள்ள மாநில ஆணையத்தை நாடவேண்டும். அதற்கு வழக்கறிஞர் துணை வேண்டும். நம் இயக்கத்து வழக்கறிஞர்கள் இத்தகைய ஒரு வழக்கையேனும் எடுத்து நடத்த முன்வருதல் வேண்டும். மறுப்பு மடல்களை வைத்திருக்கும் அன்பர்கள் அவற்றின் படிகளை நம் அலுவலகத்துக்கு விடுக்க, மூலத்தைக் கைவிடற்க.